வளர்ந்தோர்க்கு விளையாட்டு ஆகுமா?

நாற்பது வயது கடந்த மனிதன் ஒருவன் கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு, அதிலே பொம்மை வீரர்களை ஓடவிட்டு விளையாடுவது தகுமா தகாதா என்னும் கேள்வி இன்று நம்மவர் இல்லங்களில் அடிக்கடி எழுகின்றது. பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவுக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல் சென்று பார்ப்போர் இதன் காரணத்தை எளிதில் அறியலாம். தேநீர்க் கடை மேசையைச் சுற்றி நால்வர் அமர்ந்திருப்பர், நால்வரும் தலைகுனிந்திருப்பர், ஒருவன் "பின்னால் வா, பின்னால் வா" என்று கூவுவான், மற்றொருவன் தோற்றுப்போனதற்காக நெற்றியில் அடித்துக்கொள்வான். இவர்கள் பள்ளிச் சிறுவர்கள் அல்லர். ஒருவர் லோரி ஓட்டுபவர். ஒருவர் வங்கியில் வேலை பார்ப்பவர். ஒருவருக்குப் பருவமடைந்த மகள் இருக்கின்றாள். கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு இறக்க வரிசையில் காத்து நிற்கும் லோரிகளுக்குள்ளும், செம்பனைத் தோட்டங்களில் மாலை வேலை முடிந்த பின் வீட்டு வாசற்படிகளிலும் இதே காட்சிதான்.

இதைப்பற்றி நம்மவருள் இருவகையான அபிப்பிராயங்கள் உலவுகின்றன. "மகன் கையில் இருக்கவேண்டியது தகப்பன் கையில் இருக்கின்றது, அந்தக் குடும்பம் எங்கே உருப்படப்போகின்றது?" என்பது பழைய அபிப்பிராயம். "இதை விளையாட்டென்று நினையாதீர்கள், இதிலே பணம் இருக்கின்றது, பதக்கம் இருக்கின்றது, உத்தியோகம் இருக்கின்றது, நாம்தான் பின்தங்கிவிட்டோம்" என்பது புதிய அபிப்பிராயம். வியப்பென்னவெனில், இவ்விரண்டையும் வெவ்வேறு மனிதர் சொல்வதில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் முன்னதைச் சொன்ன அதே வாய்தான் இன்று பின்னதைச் சொல்லுகின்றது. ஒரு சமூகம் தன் கருத்தை மாற்றிக்கொள்வது குற்றமன்று. ஆயினும், எக்காரணத்தினால் மாற்றிக்கொண்டது என்று கேட்டுப் பார்க்காமல் விடுவது சரியாகாது. இவ்வியாசத்தில் நாம் எடுத்துக்கொண்ட விஷயம் இதுவே.

வீடியோ விளையாட்டு என்பது பழமையான பொருளன்று. 1978ஆம் ஆண்டில் ஜப்பானியர் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் யந்திர விளையாட்டு, நாணயம் போட்டு ஆடும் பெட்டியாகப் பல தேசங்களிலும் பரவிற்று. மூன்றே ஆண்டுகளில், அதாவது 1981ல், பிலிப்பைன்ஸ் தேசத்தை ஆண்டுவந்த மார்க்கோஸ் இவ்வகைப் பெட்டிகளை நாடு முழுவதிலும் தடைசெய்தார். வாலிபருடைய ஒழுக்கம் கெடுகின்றது என்பதே சொல்லப்பட்ட காரணம். பின்னர், ரஷ்ய தேசத்து அலெக்ஸி பஜித்னவ் என்பவர் 1980களில் அமைத்த 'டெட்ரிஸ்' என்னும் கட்டையடுக்கும் விளையாட்டு, உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு பெட்டியாகி இரவுச் சந்தைகளில் விலைபோயிற்று. 1997ல் நோக்கியா கைத்தொலைபேசிக்குள் ஒரு பாம்பு புகுந்தது. அதற்கு இரை ஊட்டாத விரல்கள் அக்காலத்தில் குறைவு. அதற்குச் சற்றுப் பின்னர் இணைய மையங்கள் வந்தன. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் மாடிப்படி ஏறிச் சென்றால் ஓர் இருட்டறை; குளிர்காற்று; வரிசையாகக் கணினிகள்; ஒரு மணி நேரத்துக்கு இரண்டொரு வெள்ளி. தாய்மார் அங்கே சென்று மகன்மாரைக் காதைப் பிடித்து இழுத்துவந்த கதைகள் எமது வயதினர் யாவரும் கேட்டவையே.

அந்த மகன்மாரே இன்றைய தகப்பன்மார். கருத்து மாறியதன் முதற்காரணம் இவ்வளவு எளியது. எந்த அறிஞரும் மேடையேறி வாதித்து எவரையும் மாற்றவில்லை. சிறுவர்கள் வளர்ந்தார்கள், கையில் இருந்ததைக் கீழே வைக்கவில்லை, அவ்வளவே. சினிமாவுக்கும் இதுதான் நேர்ந்தது. 1931ல் முதல் தமிழ்ப் பேசும்படம் வெளிவந்த காலத்தில் சினிமாக் கொட்டகையை ஒழுக்கக் கேட்டின் வாயில் என்று ஏசியவர் பலர். அதற்கு முன்னர் நாவல் படிக்கும் பெண் குடும்பத்துக்கு ஆகாள் என்றனர். நாவல் படித்த பெண்கள் பாட்டிமாராயினர்; சினிமாப் பார்த்த பிள்ளைகள் தாத்தாமாராயினர்; ஏச்சு மட்டும் வீடு மாறி அடுத்த பொருளின்மேல் குடியேறியது.

நிற்க. இரண்டாவது காரணம் இவ்வளவு எளியதன்று. அதைச் சற்று விரித்தே சொல்லவேண்டும்.

கோலாலம்பூருக்குத் தெற்கே புக்கிட் ஜாலில் என்னும் இடம் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். நம்மவர் பால்மரம் வெட்டிய மண் அது. 1998ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுகளுக்காக அம்மண்ணின் ஒரு பகுதியில் பெரிய அரங்குகள் எழுந்தன. அவற்றுள் ஒன்றான அக்ஸியாத்தா அரங்கத்தில் 2018 நவம்பரில் 'டோட்டா 2' என்னும் விளையாட்டின் சர்வதேசப் போட்டியும், 2019 நவம்பரில் 'மொபைல் லெஜண்ட்ஸ்' என்னும் கைத்தொலைபேசி விளையாட்டின் முதலாவது உலகப் போட்டியும் நடைபெற்றன. 2024 டிசம்பரில் அதே விளையாட்டின் ஆறாவது உலகப் போட்டியும் அங்கேயே முடிவுற்றது. ஆயிரக்கணக்கான ஜனங்கள் சீட்டு வாங்கி, நாற்காலியில் அமர்ந்து, மேடைமேல் ஐந்தைந்து வாலிபர் தொலைபேசியில் ஆடுவதைப் பெரிய திரையில் கண்டு ஆரவாரித்தனர். 2019ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் நமது சர்க்கார் மின்விளையாட்டுத் துறைக்கு ஒரு கோடி வெள்ளி ஒதுக்கியது. 2024 ஜூலையில் 'சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ்' என்னும் நம் மாநிலப் பெயர் தாங்கிய குழு ரியாத் நகரில் வென்று பத்து லட்சம் அமெரிக்க டாலர் பரிசு பெற்றது. தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் மின்விளையாட்டுக்குப் பதக்கம் முதன்முதலில் வழங்கப்பட்டது 2019ல். வழங்கப்பட்ட இடம் எது தெரியுமா? அதே பிலிப்பைன்ஸ். மார்க்கோஸ் தடை விதித்து முப்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

இச்செய்திகள் பத்திரிகைகளில் வந்த பின்னரே நம்மவர் வாய் மாறியது. "என் தங்கை மகன் எப்போது பார்த்தாலும் தொலைபேசியும் கையுமாக இருப்பான்" என்று முகம் சுளித்த மாமன்மார், "என் தங்கை மகன் அதிலே கெட்டிக்காரன், போட்டிக்குப் போகின்றான்" என்று மார்தட்டத் தொடங்கினர். பையன் செய்வது அதே காரியம்; உட்கார்ந்திருப்பது அதே நாற்காலி. இடையிலே வந்து சேர்ந்தது பணம் ஒன்றுதான்.

நாம் கேட்பது இது: பணம் வாராதபோது பாவமாயிருந்த ஒரு செயல், பணம் வந்தவுடன் புண்ணியமாவது எங்ஙனம்? விளையாட்டு தீயதாயின் பரிசு கொடுப்பதனால் அது நல்லதாகாது. நல்லதாயின் பரிசில்லாதபோதும் அது நல்லதாகவே இருந்திருக்கவேண்டும். இக்கேள்வியை எவரும் கேட்கக் காணோம். அன்றியும், இந்தப் புதிய நியாயத்தினால் விளையும் கேடு சிறிதன்று. புக்கிட் ஜாலில் மேடையேறுவோர் எத்தனை பேர்? ஒரு குழுவுக்கு ஐவர். அவர்களைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நானும் அப்படி ஆவேன் என்று புறப்படும் பிள்ளைகளின் கதி என்ன? பழைய ஏச்சு ஒரு பிள்ளையின் பொழுதைக் கெடுத்திருக்கலாம். புதிய புகழ்ச்சி அவன் வாழ்நாளையே கெடுக்கக்கூடும்.

மேலும், தேநீர்க் கடையில் அமர்ந்திருக்கும் நமது லோரிக்காரருக்கு இந்த நியாயம் எவ்வகையில் உதவும்? அவர் எந்த மேடையும் ஏறப்போவதில்லை. எந்தப் பதக்கமும் பெறப்போவதில்லை. பதினொரு மணி நேரம் வண்டி ஓட்டிய கைகளால் அரை மணி நேரம் விளையாடுகின்றார். பணமே விளையாட்டுக்கு நியாயம் எனின் அவர் ஒருவரே இந்நாட்டில் குற்றவாளியாகின்றார்! ஹாலந்து தேசத்துச் சரித்திர ஆசிரியராகிய யோஹான் ஹொய்சிங்கா 1938ல் 'ஹோமோ லூடன்ஸ்' என்னும் நூலை எழுதினார். விளையாடும் மனிதன் என்பது அத்தலைப்பின் பொருள். லாபத்தைக் கருதாமல், தானே விரும்பி, தனக்கென ஒதுக்கிய இடத்திலும் நேரத்திலும் மனிதன் செய்வதே விளையாட்டு என்பது அவர் கொண்ட கருத்து. அதுவே தொழிலாகி முறுகும்போது விளையாட்டின் உயிர் குன்றுகின்றது என்றும் அவர் கவலையுற்றார். அவர் கணக்கின்படி பார்த்தால், மேடைமேல் இருக்கும் ஐவரைக் காட்டிலும் மேசையைச் சுற்றி இருக்கும் நால்வரே மெய்யாக விளையாடுபவர்.

விளையாட்டு சிறுவர்க்கே உரியது என்னும் எண்ணமும் நம் முன்னோரிடத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. தாயம் உருட்டியவர் யார்? ஆடுபுலிக்குத் திண்ணையிலே கோடு கிழித்தவர் யார்? பல்லாங்குழியில் புளியங்கொட்டைகளை அள்ளி அள்ளிப் போட்டவர் யார்? பேரன் பேத்தி எடுத்தவர்களே இவற்றில் கைதேர்ந்தவராயிருந்தனர். பல்லாங்குழியை மலாய்க்காரரும் சொங்காக் என்னும் பெயரால் அறிவர். அவர்கள் பாட்டிமாரும் ஆடினர். வள்ளுவர் சூதைக் கண்டித்து ஓர் அதிகாரமே வகுத்தார் என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். மெய்தான். கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவில் அவ்வதிகாரத்தை வைத்திருக்கின்றார். இடம் பார்த்துத்தான் வைத்தார் போலும்! ஆனால் அவர் கண்டித்தது பொருளை வைத்து ஆடும் ஆட்டத்தை. பொழுதை வைத்து ஆடும் ஆட்டத்துக்கு அவர் அதிகாரம் வகுக்கவில்லை.

அங்ஙனமாயின், வேலை செய்யும் மனிதன் விளையாடுவது வெட்கக்கேடு என்னும் எண்ணம் நம்மிடையே எங்கிருந்து வந்தது? இதற்கு விடை தேட மதநூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. தோட்டத்து மணியைக் கேட்டால் போதும்.

விடியுமுன் பெரட்டு. பெயர் கூப்பிட்டு, ஆள் எண்ணி, நிரை பிரித்து அனுப்பினர். தொழிலாளியின் பொழுது அன்று முதல் அவனுடையதாயில்லை. வேலை நேரம் முதலாளியுடையது என்பது ஒப்பந்தம். ஆனால் ஓய்வு நேரத்தின்மேலும் ஒருவர் கண் இருந்துகொண்டே இருந்தது. லயத்துக்கு வெளியே கூட்டம் கூடினால் ஏன் என்ற கேள்வி. வேற்றுத் தோட்டத்து உறவினர் வந்தால் யார் என்ற கேள்வி. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை மட்டும் தாராளமாகத் திறந்திருந்தது. அதே காலத்தில் துரைமார் என்ன செய்தனர்? 1884ல் நிறுவப்பட்ட சிலாங்கூர் கிளப்பில் அவர்கள் பந்தாடினர், சீட்டாடினர், பில்லியர்ட்ஸ் ஆடினர். ஐம்பது வயதுத் துரை வெள்ளைக் காற்சட்டை அணிந்து மட்டையால் பந்தை அடித்துவிட்டு ஓடியதைக் கண்டு, "இந்த வயதில் விளையாட்டா?" என்று கேட்டவர் எவருமில்லை. அது கனவானுக்கு அழகு என்றே பாடப்புத்தகங்கள் எழுதின. ஆங்கிலத்தில் கல்வி கற்ற எம் போன்றோர் அதனை மனப்பாடமும் செய்தோம். விளையாட்டுக்கு வயது தடையாயிருக்கவில்லை. ஆடுபவன் யார் என்பதைப் பொறுத்தே அது மரியாதையாகவோ சோம்பேறித்தனமாகவோ ஆயிற்று.

1941ல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர். எச். நாதன் முதலியோர் முன்நின்ற அப்போராட்டத்தின் கோரிக்கைகளைப் படித்துப் பார்ப்போர் ஒன்றைக் கவனிப்பர். கூலி உயர்வு கேட்டனர். பிள்ளைகளுக்குக் கல்வியும் நோய்க்கு வைத்தியமும் கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். உறவினரும் நண்பரும் தடையின்றி வந்துபோக வேண்டும் என்றனர். இவற்றோடு, துரைமாரும் ஆசிய உத்தியோகஸ்தரும் எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமையும் கேட்டனர். ஆசிய உத்தியோகஸ்தர் என்பது கிராணிமாரையும் சேர்த்துத்தான். அவ்வுத்தியோகத்தையே இன்று பார்த்துவரும் நாம் அந்த வரியைப் படிக்குந்தோறும் சற்று நின்றுவிடுகின்றோம். மாலையில் தன் சொந்தச் சைக்கிளில் தன் சொந்த நேரத்தில் செல்லும் ஒருவன், கணக்கெழுதுபவன் எதிரே வந்தால் இறங்கி நிற்கவேண்டுமாம்! அவர்கள் கேட்டது கூலி மட்டுமன்று. வேலை முடிந்த பின் வரும் பொழுது தம்முடையது என்பதையும் கேட்டார்கள். அதற்குச் சர்க்கார் அளித்த விடை துப்பாக்கியும் கைதுமாயிருந்தது.

பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் என்னும் ஆங்கில அறிஞர் 1932ல் சோம்பலைப் புகழ்ந்து ஒரு கட்டுரை வரைந்தார். ஏழைகளுக்கு ஓய்வு வேண்டும் என்னும் பேச்சு பணக்காரரை எப்பொழுதும் திடுக்கிடச் செய்து வந்திருக்கின்றது என்பது அதில் அவர் காட்டிய உண்மை. எமக்கு வருத்தம் என்னவெனில், பணக்காரர் திடுக்கிட்டது போதாதென்று இப்பொழுது நம்மவரே நம்மவரைக் கண்டு திடுக்கிடுகின்றனர். துரை போனார், துரையின் கண் மட்டும் நம் முகத்தில் ஒட்டிக்கொண்டது.

எமது தோட்டத்தில் ஒரு முதிய மண்டோர் இருக்கின்றார். வேலையினின்று நின்று பல ஆண்டுகள் ஆயின. ஒருநாள் மாலை அவர் வீட்டு வாசலில் தொலைபேசியைக் கண்ணுக்கு வெகு அருகில் பிடித்துக்கொண்டு எதையோ அழுத்திக்கொண்டிருந்தார்.

"என்ன பெரியவரே, விளையாட்டா?" என்றோம்.

"ஆமாம் கிராணியாரே, தாயம் மாதிரி ஒன்று. பேரன் ஜோகூரில் இருக்கின்றான். அங்கிருந்து அவன் உருட்டுவான், இங்கிருந்து நான் உருட்டுவேன்" என்றார்.

"பேசலாமே?"

"பேசச் சொன்னால் 'சாப்பிட்டீங்களா தாத்தா' என்பதோடு முடிந்துபோகும். விளையாடினால் ஒரு மணி நேரம் கூடவே இருக்கின்றான். என்னை ஏய்க்கப் பார்க்கின்றான், பயல்!"

அவர் முகத்தில் இருந்த களிப்பைச் சிறுபிள்ளைத்தனம் என்று சொல்லத் துணிபவர் சொல்லட்டும்.

இத்தனையும் சொன்னதனால் இவ்விளையாட்டுகளில் தீங்கே இல்லை என்று நாம் கூறுவதாக வாசகர்கள் நினைக்கவேண்டா. உலக சுகாதார நிறுவனம் 2019ல் ஏற்றுக்கொண்டு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப்பட்டியலில், விளையாட்டினால் வரும் ஒரு கோளாறும் இடம்பெற்றிருக்கின்றது. அதன் இலக்கணம் கவனிக்கத்தக்கது. எத்தனை மணி நேரம் ஆடினான் என்று அது கேட்கவில்லை. எத்தனை வயது என்றும் கேட்கவில்லை. ஆட்டத்தை அடக்கும் சக்தி அவனை விட்டுப் போயிற்றா, உணவு உறக்கம் உறவு யாவற்றுக்கும் மேலாக ஆட்டம் ஏறி உட்கார்ந்ததா, கேடு வருவது கண்டும் தொடர்கின்றானா, இந்நிலை சாதாரணமாகப் பன்னிரண்டு மாதமாவது நீடித்ததா என்றே கேட்கின்றது. தேநீர்க் கடை நால்வருள் ஒருவர் அந்நிலையில் இருக்கவும்கூடும். அவருக்கு வேண்டியது வைத்தியரும் நண்பரும், ஏச்சன்று.

இதைவிட எமக்கு அச்சம் தருவது வேறொன்று. இலவசம் என்று கைக்கு வரும் இவ்விளையாட்டுகளுள் பல, உள்ளே நுழைந்த பின்னர் காசு கேட்கின்றன. வீரனுக்குப் புதுச் சட்டை வேண்டுமா, ஐந்து வெள்ளி. மூடிய பெட்டிக்குள் என்ன இருக்கின்றது என்று பார்க்கவேண்டுமா, பத்து வெள்ளி. பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் குப்பை. என்றோ ஒருநாள் மாணிக்கம். இது விளையாட்டன்று, சூது. பெல்ஜியம் தேசத்துச் சூதாட்டக் குழு 2018ல் ஆராய்ந்து, காசு கொடுத்துத் திறக்கும் இப்பெட்டிகள் அத்தேசத்துச் சட்டப்படி சூதாட்டமே என்று தீர்மானித்தது. நம் நாட்டில் 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. சம்பளப் புத்தகம் எழுதுபவருக்கு அந்த எண்ணின் அளவு தெரியும்: வாடகை போக, அரிசி பருப்பு போக, பள்ளிப் பேருந்துக் கட்டணம் போக, அதில் எத்தனை பெட்டி திறக்கலாம்? வயதைக் காட்டிக் கேலி செய்பவர் இந்தப் பெட்டியைப்பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. வள்ளுவர் அதிகாரம் வகுத்தது எதற்கோ அதை விட்டுவிடுகின்றனர். வகுக்காததற்குத் தாங்களே அதிகாரம் எழுதுகின்றனர்.

இனி, இவ்விஷயத்தில் எவரும் பேசாத பகுதிக்கு வருவோம். இதுவரை நாம் மனிதன் மனிதன் என்று எழுதிவந்தோம். வாசகர்களும் ஆண்பிள்ளையையே நினைத்துக்கொண்டு படித்திருப்பர். தேநீர்க் கடையில் இருந்த நால்வரும் ஆண்களே. அவர்களுக்கு அந்த அரை மணி நேரம் எங்கிருந்து கிடைத்தது? வானத்திலிருந்து விழவில்லை. வீட்டில் ஒருத்தி பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக்கொடுத்து, நாளைக்குப் போட்டுக்கொள்ளும் சட்டையைத் துவைத்துப் போடுகின்றாள், அதனால் கிடைத்தது. அவளும் பகலெல்லாம் தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ உழைத்துவிட்டுத்தான் வந்திருக்கின்றாள். ஓய்வைப்பற்றி ரஸ்ஸல் சொன்னதையும், சைக்கிள் உரிமையைப்பற்றித் தொழிலாளர் கேட்டதையும் கைதட்டி ஒப்புக்கொள்ளும் நம் ஆண்மக்கள், தம் வீட்டுக்குள்ளே ஒருத்தி இன்னும் சைக்கிளை விட்டு இறங்கி நின்றுகொண்டிருப்பதைப் பார்ப்பதில்லை.

கிள்ளானில் அடுக்குமாடி வீடொன்றில் வாழும் எமது உறவினர் குடும்பம் ஒன்றில் இப்பேச்சு வந்தது. கணவர் தம் விளையாட்டைப்பற்றி வெட்கப்படவில்லை. "களைப்புத் தீருகின்றது, தம்பி" என்றார். அது நியாயமே. மனைவியார் உள்ளேயிருந்து வந்து சொன்னார்: "அவர் விளையாடினால் களைப்புத் தீருகின்றது. நான் போனை எடுத்தால் அடுப்பில் என்ன இருக்கின்றது என்று கேட்கின்றார்கள்." கணவர் சிரித்தார். மனைவியார் சிரிக்கவில்லை. பல்லாங்குழி ஒருகாலத்தில் பெண்களின் கையில் இருந்தது. பகற்பொழுதில் அவர்களுக்கென்று ஒரு நாழிகை இருந்ததற்கு அப்பலகையே சாட்சி. நகரத்துக்குக் குடிவந்தபோது பலகையும் வரவில்லை, நாழிகையும் வரவில்லை. சம்பளம் வந்தது, அதோடு இரண்டு வேலைகள் வந்தன.

ஆகவே எமது அபிப்பிராயத்தில், ஆடுபவன் வயதென்ன என்பதோ, அதனால் வருமானம் உண்டா என்பதோ கேள்வியாகா. அந்தப் பொழுது யாருடைய பொழுதினின்று எடுக்கப்பட்டது, அந்தக் காசு யாருடைய தட்டினின்று எடுக்கப்பட்டது என்பவையே கேள்விகள். முதிய மண்டோர் எவரிடமிருந்தும் எடுக்கவில்லை. லோரிக்காரர் எடுத்தாரா என்பதை அவர் மனைவியாரைக் கேட்டே அறியவேண்டும். அவரை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்குக் கொமுட்டர் ரயில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடுகின்றது. காலை வண்டியில் பெண்கள் பெட்டியைக் கடந்து செல்வோர் பார்த்திருப்பர்: அலுவலக உடையணிந்து, மடியில் சோற்றுப் பாத்திரப் பையை வைத்துக்கொண்டு, நடுத்தர வயதுப் பெண்கள் பலர் தொலைபேசியில் நிறம் நிறமான மிட்டாய்களை மூன்று மூன்றாகச் சேர்த்துக்கொண்டிருப்பர். 'கேண்டி கிரஷ்' என்னும் அவ்விளையாட்டு 2012ல் வந்தது. இப்பெண்களுக்குப் பரிசும் இல்லை, பதக்கமும் இல்லை, பார்க்க வருவோரும் இல்லை. வாலிபர் அதைக் கேலி செய்கின்றனர். ஷா ஆலாமும் சுபாங் ஜெயாவும் பெட்டாலிங்கும் ஜன்னலுக்கு வெளியே கழிந்துபோகின்றன. அவர்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அங்கே அவர்களை ஒருவரும் அழைப்பதில்லை. பிரிக்பீல்ட்ஸ் நெருங்கி வண்டி வேகம் தணியும்போது தொலைபேசி கைப்பைக்குள் போகின்றது. எழுந்து, சேலையையோ சட்டையையோ சரிசெய்துகொண்டு, கதவருகே வரிசையில் நிற்கின்றனர்.